கப்பற்கூலியின் கணக்கறிந்த சிதம்பரனார்

கடல் வாணிகத்திற் பொருளின் விலை ஒன்று. அதனைக் கரைசேர்க்குங் கூலி மற்றொன்று. முன்னதைக் கேட்டறிவோர் பலர். பின்னதைக் கேட்டறிவோர் சிலர். கப்பலில் ஏற்றிய சரக்கிற்குக் கொடுக்குங் கூலியைக் கேள்வு என்னுஞ் சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். அக்கேள்வு எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்னும் மூன்று வினாக்களையுந் தம் நாட்டு மக்கள் முன் வைத்து, அவற்றின் பொருட்டுத் தம் தொழிலையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த பெருமகன் ஒருவர் உளர். அவரே வ. உ. சிதம்பரம்பிள்ளை.

அன்னாரைக் கப்பலோட்டிய தமிழன் எனப் போற்றுகின்றோம். சிறையிற் செக்கிழுத்ததை எண்ணி உள்ளம் உருகுகின்றோம். ஆயினும் அக்கப்பல் எத்துறையை நோக்கி ஓடியது, என்ன கூலிக்கு ஓடியது, எதனால் நின்றது என்பவற்றை நம் மாணவருட் பலர் அறியார். அது ஓடிய வழியின் மறுகரை நமது கொழும்புத் துறையே. ஆதலின் அவர்தம் வாழ்க்கை தூத்துக்குடிக்கு எத்துணை உரியதோ, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அத்துணை உரியதாகும்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி, உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகச் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் அத்துறையே பயின்று, 1894இல் தேர்வில் வென்று, அடுத்த ஆண்டு தொட்டுச் சொந்த ஊரில் வழக்காடலானார். ஏழைகளின் வழக்குகளை விரும்பி ஏற்றமையாற் காவலருக்கு அவர்மேல் மனக்கசப்பு உண்டாயிற்று. 1900ஆம் ஆண்டிலே அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அப்பெயர்ச்சியே அவரைக் கடலுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது.

அக்காலத்துத் தூத்துக்குடியைச் சிறிது நினைவிற் கொள்ளவேண்டும். கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் நீராவிக் கப்பல்கள் கரையை அணுகமாட்டா. சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு மூடை ஒவ்வொன்றும் பண்டசாலையிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்குமாக இருமுறை மாறி ஏறவேண்டும். சுமப்பவனுக்குக் கூலி, தோணிக்காரனுக்குக் கூலி, பண்டசாலைக்கு வாடகை, அரசுக்குச் சுங்கம் என்பன யாவுங் கப்பற்கூலிக்குப் புறம்பானவை. மறுகரையாகிய கொழும்பிலோ 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885இல் நிறைவெய்திய அலைதாங்கி, துறைக்கு அமைதியான நீரை அளித்திருந்தது. ஆங்குஞ் சரக்கு வள்ளங்களில் இறங்கி, நாட்டாமைகளின் தோளிலேறிப் புறக்கோட்டைக் கடைகளைச் சேர்ந்தது. அரிசி மூடை ஒன்று கடலைக் கடக்கும் வழியில் எத்தனை கைகள் படுமோ, அத்தனை கைகளுக்கும் உரிய கூலி அதன் விலையில் ஏறியிருந்தது.

இக்கூலிகளுள் பெரியதாகிய கப்பற்கூலி ஏறக்குறைய ஒரே கும்பினியின் கையில் இருந்தது. பி. ஐ. எனச் சுருக்கமாக வழங்கிய பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கும்பினியே அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கும், வணிகரும், மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரும் அதன் கப்பல்களிலேயே சென்றனர். தலைமன்னாருக்குந் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டியோடிணைந்த கப்பற் போக்குவரத்து 1914இலேதான் தொடங்கிற்று. அதற்கு முன் இவ்வழியே பெருவழி. ஒரே விற்பவன் உள்ள சந்தையில் விலையை வாங்குபவன் தீர்மானிப்பதில்லை என்பதை வழக்கறிஞராகிய சிதம்பரனார் நாள்தோறுங் கண்டார். தம்மிடம் வந்த வணிகரின் கணக்குகளை நோக்குந்தொறும், அந்நியர்க்கு நாம் செலுத்தும் வரியுள் ஒன்று கப்பற்கூலி என்னும் பெயரோடு உலவுகின்றது என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது சுதேசியம் நாடெங்குங் கனன்றது. பலர் அந்நியத் துணியை எரித்தனர். சிதம்பரனாரோ துணியைக் கொண்டுவரும் கப்பலை நோக்கினார். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் திகதி சுதேசி நீராவிக் கப்பற் சங்கம் பதிவுசெய்யப்பெற்றது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டினருமே பங்குதாரராகலாம் என விதித்தனர். இலங்கையர் என்னுஞ் சொல் அச்சங்கத்தின் அடித்தளத்திலேயே பொறிக்கப்பட்டிருந்ததை நாம் மறத்தலாகாது. மக்களுக்குக் கப்பற்கலையைப் பயிற்றுவதும், கப்பல் கட்டுந் துறைகளை நிறுவுவதும் அதன் நோக்கங்களுள் அடங்கும்.

சங்கத்தின் தலைவராக அமர்ந்தவர் மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர். இவர் நம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணியை ஆதரித்த பொன்னுசாமித் தேவரின் மைந்தர் என்பது ஈழத்துத் தமிழறிஞர் நினைந்து மகிழத்தக்கது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் அளித்தார். பாரதியாரின் எழுதுகோலும் சங்கத்துக்குத் துணைநின்றது. தமிழும் வணிகமும், இந்துவும் முஸ்லிமும் ஒரு மரக்கலத்தில் ஏறிய காட்சி அது.

தொடக்கத்திற் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள கும்பினி ஒன்றிடங் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்தே போக்குவரத்தைத் தொடங்கினர். பி. ஐ. கும்பினியார் அக்குத்தகைதாரரை நெருக்கவே, அவர் தம் கப்பல்களை மீட்டுக்கொண்டனர். பயணிகள் கரையில் நின்றனர். சரக்குப் பண்டசாலையிற் கிடந்தது. அந்த இக்கட்டிற் சிதம்பரனாருக்குக் கைகொடுத்தது இலங்கை. இங்கிருந்து கப்பலொன்றைக் குத்தகைக்குப் பெற்றுப் போக்குவரத்து அறவே முறியாதவாறு அவர் காத்தார். ஆயினும் பிறர் கப்பலை நம்பி நடத்தும் வாணிகம் பிறர் கையில் உள்ள கயிற்றின்மேல் நடத்தல் போன்றது என்பதை உணர்ந்து, சொந்தக் கப்பலோடன்றித் திரும்புவதில்லை எனச் சூளுரைத்து வடபுலஞ் சென்றார். மகன் நோயுற்றிருந்தான்; மனைவி கருவுற்றிருந்தார். அவர் நெஞ்சம் அசையவில்லை. 1907ஆம் ஆண்டிற் காலியோ, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூடைகளையுந் தாங்கவல்லது.

இனித் தொடங்கியது கூலிப்போர். பி. ஐ. கும்பினியார் பயணக்கூலியை இறக்கி ஆளுக்கு ஒரு ரூபாய் என்றனர். சுதேசிச் சங்கத்தார் அரை ரூபாய் என்றனர். அதன்மேற் கும்பினியார் கூலியே வேண்டாம், இலவசமாக ஏறுக என்றழைத்து, ஏறியவனுக்குக் குடையொன்றையும் பரிசாக வழங்க முற்பட்டனர். கொழும்புக்குச் செல்லுந் தொழிலாளி ஒருவன் கையிற் காசின்றிக் கடல் கடந்து, புதுக்குடையும் பிடித்து இறங்கலாம்! இதனினும் மலிவு உலகில் உண்டோ?

உண்டு என்று தோன்றும், ஆனால் இல்லை. கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். மாலுமிகளுக்குச் சம்பளம் வேண்டும். தோணிக்கும் துறைக்குங் கட்டணஞ் செலுத்தவேண்டும். பயணி கொடுக்காததை வேறொருவர் கொடுத்தே ஆகவேண்டும். பி. ஐ. கும்பினியின் கப்பல்கள் வங்கக்கடலிலும், பருமாவுக்கும், பாரசீகக் குடாவுக்கும், கிழக்காபிரிக்காவுக்கும் ஓடின. அவ்வழிகளிற் பெற்ற ஊதியம் இவ்வழியில் வந்த இழப்பை ஈடுசெய்தது. சுதேசிச் சங்கத்துக்கு இருந்ததோ இந்த ஒரே வழி. கடல் பலவற்றை ஆள்பவன் ஒரு கடலில் நட்டம் ஏற்பது முதலீடு. ஒரு கடலையே நம்பியவன் அதே நட்டத்தை ஏற்பது இறுதி. போட்டியாளன் மறைந்தபின் கூலி மீண்டும் ஏறுமாகையால், இன்றைய குடையின் விலையை நாளைய பயணியே செலுத்துவான். இக்கணக்கைச் சிதம்பரனார் மேடைதோறும் எடுத்துரைத்தார். எழுத்தறியா ஏழை மக்களிற் பலர் அதனை விளங்கிக்கொண்டு, இலவசத்தைப் புறக்கணித்து அரை ரூபாய் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர்.

ஆயினும் நடுவுநிலையோடு ஒன்று கூறல்வேண்டும். அரை ரூபாயும் உண்மைச் செலவுக்குப் போதாத கூலியே. குறைந்த கூலியைக் குறைந்த கூலியால் எதிர்த்தமையாற் பங்குதாரரின் பணங் கரைந்தது. நாட்டுப்பற்றுக் கப்பலை நிரப்பியது. நிலக்கரிக்கு விலைகொடுக்க அதனால் இயலவில்லை. அரசாங்க அலுவலருந் தம்மவர் கும்பினிக்கே துணைநின்றனர். பெருஞ் சிரமத்தோடு கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த வேளையிற் பேரிடி வீழ்ந்தது.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நீண்ட நேர வேலைக்குங் குறைந்த கூலிக்கும் எதிராக எழுந்த அப்போராட்டத்தைச் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர். தொழிலாளர் வென்றனர், கூலி உயர்ந்தது, ஓய்வுநாள் கிடைத்தது. அவ்வெற்றியின் சூடு ஆறுமுன் மார்ச் மாதம் 12ஆந் திகதி இருவருங் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழ, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை மாதம் 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்கு இருபதாண்டும் சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்கு இருபதாண்டுமாக நாற்பதாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டிற் பின்னர் அது ஆறாண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் எருது இழுக்குஞ் செக்கை அவர் இழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலுங் காலங் கழித்தார். சங்கத்தின் உயிராய் இருந்தவர் சிறைப்பட்டபின் சங்கம் தளர்ந்தது. அரசியலை அஞ்சிய இயக்குநர் சிலர் அவரிடமிருந்து விலகி நின்றனர். 1911இற் சங்கங் கலைக்கப்பட்டுக் கப்பல்களும் விலைபோயின. செய்தி சிறைக்குள் அவரை எட்டியபோது அவர் எய்திய துயரத்தை நாம் எழுதிக்காட்ட வேண்டுவதில்லை.

1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 24ஆந் திகதி அவர் விடுதலையானார். சிறைவாயிலில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் ஒன்றுங் கூடவில்லை. வழக்காடும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. ஒருகாலத்து இலட்சக்கணக்கிற் பங்குப்பணந் திரட்டிய கைகள், சென்னையில் அரிசியும் நெய்யும் நிறுத்து விற்றன. தென்னாபிரிக்காவில் உழைத்த தமிழர் அவருக்கெனத் திரட்டியனுப்பிய பணம், நெடுந்தாமதத்தின் பின் 1916இற் காந்தியடிகள் வாயிலாக அவரை வந்தடைந்தது; அத்தொகை 347 ரூபாய் சில்லறை. கடல் கடந்த தமிழ்த் தொழிலாளி, தன்னைக் கடல் கடத்துங் கூலிக்காகப் போராடியவரை மறந்திலன். பின்னர் வாலிஸ் என்னும் நீதிபதியின் உதவியால் வழக்காடும் உரிமை மீண்டது. அந்நன்றியை மறவாது சிதம்பரனார் தம் மைந்தனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தம்மைச் சிறையிட்ட இனத்தாரிடத்தும் நன்மை கண்டவிடத்து நன்றி பாராட்டிய பெருந்தகைமை அது.

தமிழ் பயில்வோர்க்கு அவர் பிறிதொரு வகையாலும் ஆசிரியர். ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம்போல வாழ்வு என மொழிபெயர்த்தார். மெய்யறிவு, மெய்யறம் என்னும் அறநூல்களை யாத்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பிப்பதில் உழைத்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை 1935இல் வெளிவந்தது. செக்கிழுத்துக் காய்த்த கை ஏடு பிரித்துப் பாடம் ஒப்புநோக்கிற்று. பொருட்பாலின் சிக்கலை வாழ்ந்து கண்டவர் அறத்துப்பாலுக்கு உரைகண்டார் என்பது பொருத்தமே. 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் திகதி, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திலே அவர் உயிர் பிரிந்தது.

2011ஆம் ஆண்டிலே தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பெற்றது. அங்கே இன்று மூடைகளுக்குப் பதிலாகக் கொள்கலன்கள் ஏறுகின்றன. அவற்றிற் பல கொழும்பை அடைந்து, இங்கே பெருங்கப்பல்களுக்கு மாற்றப்பட்டு உலகெங்குஞ் செல்கின்றன. கொட்டாஞ்சேனை வீதிகளிற் பாரவண்டிகளின் முதுகிற் செல்லும் அவ்விரும்புப் பெட்டிகளை நம் மாணவர் நாள்தோறும் பார்க்கின்றனர். 1956இல் மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெட்டிகளோடு முதற்கப்பலை அனுப்பியபோது, உதிரிச் சரக்கைக் கையால் ஏற்றத் தொன்னுக்கு ஏறத்தாழ 5.86 டொலர் செலவாயிற்று. பெட்டிமுறையில் அது 16 சதமாகக் குறைந்தது என்பர். நாட்டாமையின் தோளும் தோணியும் செய்த பணியைப் பாரந்தூக்கிகள் ஏற்றன. ஆனாற் கூலி என்னும் பொருள் மறையவில்லை; பெயரை மாற்றிக்கொண்டது.

வாயிலிற் பெட்டியை ஏற்று அடுக்குதல், கப்பலருகே கொண்டுசெல்லல், தூக்கி ஏற்றுதல், மறுதுறையில் இறக்குதல் ஆகிய பணிகளுக்காகக் கப்பற் கும்பினி முனையத்துக்குப் பணஞ் செலுத்துகின்றது. அதனைக் கப்பற்கூலியில் அடக்காது, முனையக் கையாளுகைக் கட்டணம் என வேறாகப் பிரித்து, ஏற்றுமதியாளரிடம் ஒரு துறையிலும் இறக்குமதியாளரிடம் மறுதுறையிலும் அறவிடுவது உலக வழக்காயிற்று. பணி உண்மையானது, அதற்குக் கூலி கொடுப்பதும் நியாயமே. சிக்கல் பிரிப்பிலே உள்ளது. நம் நாட்டு ஆடை வணிகர் ஒருவர், கப்பலில் ஏற்றுமளவே தம் பொறுப்பு என்னும் ஒப்பந்தத்தில் விற்கின்றார் எனக் கொள்வோம். கப்பலைத் தெரிந்து கூலி பேசுபவர் அயல்நாட்டுக் கொள்வனவாளர். அவருக்குக் கூலியைக் குறைத்துக் காட்டி, குறைத்த பகுதியைக் கட்டணமாக இங்குள்ளவர்மேல் ஏற்றலாம். பேரம் பேசியவர் ஒருவர். பணங் கொடுப்பவர், பேரத்தில் இடம்பெறாத மற்றொருவர். சிறுபொதிகளைத் திரட்டி ஒரே பெட்டியில் அனுப்பும் வழக்கிலோ, அனுப்புந் துறையிற் கூலி இல்லை என்னுமளவுக்குக் குறைத்து, இறங்குந் துறையிற் பெருங்கட்டணம் வாங்குவதும் உண்டு. அன்று இலவசப் பயணமும் குடையும் செய்ததை இன்று இவ்விலவசக் கப்பற்கூலி செய்கின்றது.

இம்முறைப்பாடு வலுத்தமையால் 2013ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு விதியொன்றைப் பிறப்பித்தது. கப்பற்கூலியைப் பேசி ஒப்புக்கொண்டவரிடமே அனைத்தும் அடங்கிய ஒரே கூலியாகப் பெறவேண்டும். புறம்பான கட்டணங்களை மற்றவர்மேற் சுமத்தலாகாது என்பதே அதன் சாரம். அவ்விதியாற் கூலி மொத்தத்திற் குறையும் என்று கூறுவதற்கில்லை. செலவு எங்கேனும் ஏறியே தீரும் எனக் கப்பல் முகவர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் விலை பேசியவனே விலை கொடுக்கவேண்டும் என்பது சிறிய பயன் அன்று. ஒளிந்துநின்ற எண் வெளிவந்தால், ஒரு கப்பலோடு மற்றொரு கப்பலை ஒப்பிட்டுத் தேரும் வன்மை வணிகனுக்கு வாய்க்கின்றது.

புறக்கோட்டையிலே பட்டியலொன்றை வாங்கும் இளம் வணிகனுக்கும், பள்ளியிலே சிதம்பரனார் வரலாற்றைப் பயிலும் மாணவனுக்கும் கற்கவேண்டிய பாடம் ஒன்றே. கூலி எவ்வளவு என்று கேட்டதோடு நில்லாது, அது எவற்றை அடக்குகின்றது, எஞ்சியதைக் கொடுப்பவர் யார் என்றுங் கேட்டல்வேண்டும். குடையைக் கண்டு மயங்காது அரை ரூபாய் கொடுத்து ஏறிய தொழிலாளி அக்கேள்வியைக் கேட்டான். அவனுக்கு அதனைக் கற்பித்தவர் நாற்பதாண்டுத் தண்டனை பெற்றார்.